நூல்நிலையத்துள் புகுந்த நெய்யரி

நன்னூலாசிரியர் பவணந்தியார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறியிருப்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பாலையும் நீரையும் கலந்து வைத்தாலும் பாலை மட்டும் பிரித்துண்ணும் அன்னம் தலைமாணாக்கனுக்கு உவமை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடத்தே தேக்கிக் கொள்ளும் நெய்யரி கடைமாணாக்கனுக்கு உவமை. பன்னாடை என்று மக்கள் வழங்குவதும் இதுவே. இரண்டும் செய்வது பிரிக்கும் தொழில்தான். பிரித்த பின் கையில் மிஞ்சுவது எது என்பதிலேதான் வேற்றுமை.

கடந்த முப்பது ஆண்டுகளாக அமெரிக்கப் பொது நூல்நிலையங்களில் நிகழ்ந்துவரும் ஒரு வழக்கை ஆராயுந்தோறும் இவ்வுவமை நினைவிற்கு வருகின்றது. இணையம் என்னும் பெருங்கடல் நூல்நிலைய மேசைக்கு வந்து சேர்ந்ததும், அதிலுள்ள ஆபாசத்தை மட்டும் பிரித்து ஒதுக்கித் தருவோம் என்று கூறிச் சில வணிக நிறுவனங்கள் வடிகட்டி மென்பொருள்களை விற்கத் தொடங்கின. அன்னத்தைத் தருவதாகவே அவை விளம்பரம் செய்தன. வாங்கியவர்க்குக் கிடைத்தது யாது, அதனால் மிகுதியும் இழந்தவர் யாவர் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். இழந்தோருள் முன்வரிசையில் நிற்பவர், தற்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் முதலிய பெயர்களாற் குறிக்கப்பெறும் பால்புதுமையினருள் இளம்பருவத்தினர் ஆவர். அவர்க்கும் நூல்நிலையத்திற்கும் உள்ள உறவு இணையத்திற்கு முற்பட்டது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

1949-ஆம் ஆண்டில் பார்பரா கிட்டிங்ஸ் என்னும் இளநங்கை சிக்காகோ நகரை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தாம் பெண்களையே விரும்பும் இயல்பினர் என்பதை உணரத் தொடங்கிய காலம் அது. அதைப்பற்றிக் கேட்பதற்கு ஆள் இல்லை. எனவே, படித்தறிய வேண்டி நூல்நிலையம் புகுந்தார். அங்கே அவர் கண்டவை மருத்துவ நூல்களும் உளநோய் நூல்களுமே. பிறழ்ந்த மனம், இயல்புக்கு மாறான ஒழுக்கம் என்னும் தலைப்புகளின் கீழேதான் அவரைப்பற்றிய செய்தி இருந்தது. இத்தேடலில் மூழ்கி வகுப்புகளைக் கைவிட்ட அவர், தேர்வில் தவறி வீடு திரும்ப நேர்ந்தது. பின்னர்ப் புதினங்களில் தேடினார். இலண்டன் நீதிமன்றம் 1928-இல் ஆபாசம் என்று தீர்ப்பளித்து அழிக்க ஆணையிட்ட ரேட்கிளிஃப் ஹால் அம்மையாரின் ‘தனிமைக் கிணறு’ என்னும் புதினம் அவர் கண்டெடுத்தவற்றுள் ஒன்று. அந்நூலில் ஆபாசம் தேடிப் படிப்பவர் ஏமாற்றமே அடைவர் என்பது அதனைப் படித்தவர்க்குத் தெரியும்.

அக்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் வகுத்த பொருட்டலைப்புகளையே நாடெங்கும் உள்ள நூல்நிலையங்கள் தம் நூற்பட்டியற் சீட்டுகளில் எழுதிவந்தன. தற்பாலீர்ப்பு என்ற தலைப்பை எடுத்தால், ‘பாலியற் பிறழ்வு என்பதையும் காண்க’ என்று அச்சீட்டு வழிகாட்டும். அடுக்கில் எந்நூலும் மறைக்கப்படவில்லை. எவரும் எதையும் தடுக்கவில்லை. எனினும், பதினேழு வயதில் அச்சீட்டைக் கையிலெடுத்த ஒருவர்க்கு, தாம் யார் என்ற வினாவிற்கு விடை அச்சீட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

நூல்நிலையத்தைக் கடந்தும் அன்று வடிகட்டி இருந்தது. அஞ்சல் நிலையமே அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெளிவந்த ‘ஒன்’ என்னும் தற்பாலீர்ப்பினர் இதழின் 1954 அக்டோபர் வெளியீட்டை, ஆபாசம் என்று கூறி அந்நகரின் அஞ்சல் தலைவர் ஆட்டோ ஒலேசன் அனுப்ப மறுத்தார். இதழினர் வழக்காடினர். கீழ்மன்றங்கள் இரண்டும் அஞ்சல் தலைவர் பக்கமே நின்றன. 1958-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விரிவான விளக்கம் ஏதுமின்றி, அத்தீர்ப்புகளைத் தள்ளிவிட்டது. தற்பாலீர்ப்பைப்பற்றி எழுதுவதே ஆபாசம் ஆகாது என்பது அன்று நிலைபெற்றது.

1970-இல் அமெரிக்க நூல்நிலையச் சங்கத்தினுள்ளேயே தற்பாலீர்ப்பினர் விடுதலைக்கான பணிக்குழு ஒன்று தோன்றியது. கிட்டிங்ஸ் நூலகர் அல்லர். ஆயினும் அக்குழுவிற் சேர்ந்து அடுத்த ஆண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் அதனை நடத்தினார். அக்குழுவினர் தொகுத்த நூற்பட்டியலின் முதற்பதிப்பில் 37 பதிவுகளே இருந்தன. தற்பாலீர்ப்பினரை நோயாளராகவோ குற்றவாளியாகவோ காட்டாத எழுத்துகளைத் தேடியதில் அவ்வளவே தேறின. ‘பிறழ்வு என்பதையும் காண்க’ என்னும் குறிப்பும் 1970-களின் தொடக்கத்தில் காங்கிரஸ் நூல்நிலையத்தால் நீக்கப்பட்டது.

இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். இலண்டன் நீதிபதிக்குப் பெயர் உண்டு. அஞ்சல் தலைவர்க்கும் பெயர் உண்டு. நூற்பட்டியற் சீட்டில் எழுதிய சொல் எவர் கண்ணுக்கும் தெரியும். ஆகவேதான் வழக்கிட முடிந்தது, வாதிட முடிந்தது, சொல்லை மாற்றவும் முடிந்தது. இணையத்துடன் வந்த வடிகட்டிக்கு இம்மூன்றும் பொருந்தவில்லை.

வடிகட்டி மென்பொருள் பணிபுரியும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். தொடக்கத்தில் வந்தவை சொல்லைப் பார்த்துத் தடுத்தன. பக்கத்தில் குறித்த எழுத்துகள் வரின் அப்பக்கம் திறவாது. அல்லது அச்சொல் மட்டும் உதிர்ந்துவிடும். இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கிடையே ஒரு வசைச்சொல் அமைந்திருப்பதால், 1996-இல் ஓர் இணைய நிறுவனத்தின் கணிப்பொறி அவ்வூரார் எவரையும் உறுப்பினராக ஏற்க மறுத்துவிட்டது. புணர்ச்சியும் பதப்பிரிப்பும் அறியாதவனிடம் செய்யுளைக் கொடுத்தாற்போல் ஆயிற்று அது! ‘சைபர்சிட்டர்’ என்னும் மென்பொருளோ தற்பாலீர்ப்பைக் குறிக்கும் சொல்லையே பக்கத்திலிருந்து உதிர்த்துவிடும். அதனால், கிளிண்டன் தற்பாலினத் திருமணத்தை எதிர்க்கிறார் என்னும் செய்தி, கிளிண்டன் திருமணத்தை எதிர்க்கிறார் என்று திரையில் நிற்கும் என அக்காலத்தார் எடுத்துக்காட்டினர்.

நகைப்பிற்குரிய இப்பிழைகள் விரைவில் திருத்தப்பட்டன. திருத்தப்படாதது மற்றொன்று. சொற்களுக்கு மாறாகத் தளங்களின் பட்டியலை நிறுவனங்கள் தொகுக்கத் தொடங்கின. இலட்சக்கணக்கான தளங்களைச் சூதாட்டம், வன்முறை, ஆபாசம் எனப் பிரிவு பிரிவாக அடுக்கி, எப்பிரிவைத் தடுக்க வேண்டுமோ அதற்கு நேராக ஓர் அடையாளம் இட்டால் போதும் என்று நிருவாகியிடம் கொடுத்தன. அப்பிரிவுகளுள் தற்பாலீர்ப்பினர் பற்றியது எனத் தனிப்பிரிவு வைத்த நிறுவனங்களும் உண்டு. ‘வெப்சென்ஸ்’ அவற்றுள் ஒன்று. ஆபாசப் படம் வேறு, தன்னைப்பற்றி அறிய விரும்பும் மகனோடு எப்படிப் பேசுவது என்று பெற்றோர்க்கு எழுதிய அறிவுரை வேறு. நிருவாகியின் திரையில் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்கள். எந்தத் தளம் எப்பிரிவில் உள்ளது என்ற முழுப்பட்டியல் வணிக மறைபொருள். வாங்கிய நூல்நிலையத்திற்கும் அது காட்டப்படுவதில்லை. 1996 ஜூலையில் பிராக் மீக்ஸ், டெக்லான் மக்கல்லா என்னும் செய்தியாளர் இருவர், மறைக்குறியாக வைக்கப்பட்டிருந்த இப்பட்டியல்கள் சிலவற்றைப் பெற்று வெளியிட்டனர். ஆபாசத்தைத் தடுப்பதாக விற்கப்பட்ட பொருளில் தேசியப் பெண்கள் அமைப்பும் தற்பாலீர்ப்பினர் மனித உரிமைக்கான அனைத்துலக ஆணையமும் தடுக்கப்பட்டிருந்தன. பட்டியலைத் திறந்து பார்ப்பது பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறாகுமோ என்ற அச்சம் நிலவியதால், 2000 அக்டோபரில் காங்கிரஸ் நூல்நிலையம் இதற்கென்றே தனி விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. அவ்விலக்கும் 2006-இல் நீட்டிக்கப்படாமல் ஒழிந்தது.

முதற்பெருவழக்கு வர்ஜீனியா மாநிலத்து லௌடன் கவுண்டியில் எழுந்தது. அமெரிக்கத் தலைநகரை அடுத்த வட்டாரம் அது. 1997 அக்டோபர் 20-ஆம் நாள் அவ்வட்டார நூல்நிலைய வாரியம், எல்லாக் கணிப்பொறிகளிலும் ‘எக்ஸ்-ஸ்டாப்’ என்னும் வடிகட்டியைப் பொருத்த வேண்டும் என்று விதி செய்தது. சிறுவர்க்கு மட்டுமன்று, முதியோர்க்கும் அதே வடிகட்டி. தடுக்கப்பட்ட பக்கம் ஒன்று வேண்டுமாயின், தம் பெயர், தொலைபேசி எண், அப்பக்கம் தமக்கு எதற்கு என்னும் விளக்கம் ஆகியவற்றை எழுத்தில் நூலகரிடம் கொடுத்தல் வேண்டும்.

தடுக்கப்பட்டவை எவை? மேரிலாந்துப் பல்கலைக்கழக மகளிர் சங்கம் ஒன்று. தடைசெய்யப்பட்ட நூல்களைப்பற்றிக் கூறும் தளம் ஒன்று. நோய் பரவாமற் காத்துக்கொள்ளும் முறை கூறும் தளம் ஒன்று. சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றின் பத்தி எழுத்தாளர் ஒருவர். மெக்சிகோ நாட்டுக் கலைஞர் ஒருவர். திருநர் சங்கம் ஒன்று. இவற்றுடன், தற்பாலீர்ப்புடைய இளையோர்க்கான நூல்கள் எவை என்று தொகுத்துக் கூறும் பக்கமும் தடுக்கப்பட்டது. கிட்டிங்ஸ் குழுவினர் கால் நூற்றாண்டுக்கு முன்னர்த் தாளில் அச்சிட்டு வழங்கிய அதே வகைப் பட்டியல்தான் இது! தாளிலிருந்தபோது நூலகர் கையால் வழங்கப்பட்டது, திரைக்கு வந்தபோது நூல்நிலையத்தாலேயே மறைக்கப்பட்டது.

வழக்கை ஆய்ந்தவர் நீதிபதி லியோனி பிரிங்கெமா அம்மையார். சட்டம் பயிலுமுன் நூல்நிலைய இயலில் பட்டம் பெற்றவர் அவர். இவ்வழக்கிற்கு அதனினும் பொருத்தமான பயிற்சி வேறில்லை. வாரியத்தார் கூறிய வாதம் எளியது: எந்நூலை வாங்குவது, எதனை விடுவது என்று முடிவுசெய்யும் உரிமை நூல்நிலையத்திற்கு உண்டன்றோ, இதுவும் அதுபோன்றதே என்றனர். அம்மையார் இதனை ஏற்கவில்லை. இணையத்தை ஒரு கலைக்களஞ்சியத் தொகுதிக்கு ஒப்பிட்டார். தொகுதி முழுவதையும் விலைகொடுத்து வாங்கிவிட்டு, பிறகு அதன் பக்கங்களில் சில பகுதிகளைத் தேடித்தேடி மை பூசி மறைப்பதே வாரியம் செய்வது என்றார். மேலும், எதனை மறைப்பது என்ற முடிவை வாரியம் எடுக்கவுமில்லை. மென்பொருள் விற்றவனிடம் விட்டுவிட்டது. அவன் எந்த அளவுகோலால் அளந்தான் என்பதும் வாரியத்திற்குத் தெரியாது. 1998 நவம்பர் 23-ஆம் நாள் அவ்விதி பேச்சுரிமைக்கு மாறானதென்று அடிபட்டது. வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை.

நூலை நீக்குவதற்கும் வடிகட்டுவதற்கும் உள்ள வேற்றுமையைச் சிங்கப்பூர் வாசகர்க்கு எளிதில் விளக்கலாம். 2014 ஜூலையில் தேசிய நூலக வாரியம், வாசகர் ஒருவரின் முறையீட்டை அடுத்து, சிறுவர் நூல்கள் மூன்றை அடுக்கிலிருந்து நீக்கியது. அவற்றுள் ஒன்று, நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் ஆண் பென்குவின்கள் இரண்டு சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்த கதை. செய்தி வெளியானதும் ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நூலகக் கட்டடத்திற்கு வந்து அக்கதையைப் படித்துக் காட்டினர். சில நாட்களில், அமைச்சர் டாக்டர் யாக்கோப் இப்ராஹிம் பணித்தபடி, இரண்டு நூல்கள் பெரியோர் பகுதிக்கு மாற்றப்பட்டன. மூன்றாவது நூல் அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது. அம்முடிவு சரியா, தவறா என்பதைப்பற்றி இங்கு வழக்கில்லை. நூலின் பெயர் எல்லார்க்கும் தெரிந்திருந்தது என்பதே குறிக்கத்தக்கது. நீக்கியவர் இன்னார் என்றும் தெரிந்திருந்தது. வடிகட்டி நீக்கும் பக்கத்திற்காக எவரும் கூடிப் படிக்க இயலாது. எப்பக்கம் நீங்கியது என்றே தெரியாதன்றோ?

லௌடன் தீர்ப்பு வந்த இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கக் காங்கிரஸ் வேறு வழியில் வந்தது. செனட்டர் ஜான் மெக்கேய்ன் முதலியோர் முயன்ற சிறுவர் இணையக் காப்புச் சட்டம் 2000 டிசம்பர் 21-ஆம் நாள் கிளிண்டன் கையொப்பத்துடன் நிறைவேறியது. எந்நூல்நிலையத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. இணையக் கட்டணத்தில் நூற்றுக்கு 20 முதல் 90 வரை கழிவு தரும் கூட்டாட்சி உதவி வேண்டுமாயின் வடிகட்டியைப் பொருத்துக என்றது. வசதியுள்ள நூல்நிலையம் உதவியை உதறிவிடலாம். ஏழை வட்டாரத்து நூல்நிலையம் என்ன செய்யும்? வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகள் வருவதும் அங்கேதானே!

இச்சட்டத்தின் வாசகத்தில் ஒரு நுட்பம் உண்டு. அது தடுக்கச் சொல்வது படங்களை மட்டுமே. ஆபாசமான படங்கள், சிறுவரைக் காட்டும் ஆபாசப் படங்கள், 17 வயது நிரம்பாதார்க்குத் தீங்கான படங்கள் ஆகிய மூன்றே அதன் எல்லை. எழுத்தைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் படத்தையும் எழுத்தையும் பிரித்தறிந்து தடுக்கும் கருவி அன்று சந்தையில் இல்லை. எனவே, சட்டம் கேட்டது ஒன்று; கருவி செய்தது வேறொன்று.

அமெரிக்க நூல்நிலையச் சங்கமும் ஒரிகன் மாநிலத்து மல்ட்னோமா கவுண்டி நூல்நிலையமும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். வழக்காளருள் 16 வயதுடைய பெண்ணொருவரும் இருந்தார். தமது 13-ஆம் வயதில் தம் பாலியல்பைப்பற்றி அறிந்துகொள்ள அந்நூல்நிலையத்துக் கணிப்பொறியைப் பயன்படுத்தியவர் அவர். வீட்டிலோ பள்ளியிலோ தேடாமல் நூல்நிலையத்தை நாடியதற்கு, பிறர் அறியாவண்ணம் தேட விரும்பியதும் ஒரு காரணம். வடிகட்டி வேண்டுமா, வேண்டாவா என்று தேர்ந்துகொள்ளும் வசதி அங்கு இருந்தது. அவர் வேண்டா என்றே தேர்ந்தார். தற்பாலீர்ப்பைப்பற்றிய பயனுள்ள செய்திகளை அது தடுத்துவிடும் என்பதை முன்னரே பட்டறிந்திருந்தார். கிட்டிங்ஸ் தேடியபோது கிடைத்தது பிறழ்வு என்னும் சொல். அரை நூற்றாண்டுக்குப்பின் இச்சிறுமி தேடியபோது வடிகட்டி காட்டியிருக்கக் கூடியது, இப்பக்கம் தடுக்கப்பட்டது என்னும் சொல். தடுக்கப்பட்டது என்பதற்குத் தகாதது என்று பொருள்கொள்ளப் பதின்மூன்று வயதில் அகராதி தேவையில்லை.

பிலடெல்பியாவில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் 2002-இல் இவ்வழக்கை விசாரித்தது. தலைமை நீதிபதி எட்வர்ட் பெக்கர் எழுதிய தீர்ப்பு நீண்டது, பொறுமையாகப் படிக்கத்தக்கது. நான்கு முன்னணி வடிகட்டிகளை ஆராய்ந்து, அவை பல்லாயிரக்கணக்கான குற்றமற்ற பக்கங்களைத் தடுக்கின்றன என்றும், தடுக்க வேண்டியவற்றுள் பலவற்றை விட்டுவிடுகின்றன என்றும் மன்றம் கண்டது. மே 31-ஆம் நாள் சட்டம் செல்லாது என்றது.

அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு இவ்வழக்கிற்கு உரைகல் போன்றது. வடிகட்டிகளை மிகத் தளர்வாக அமைத்தபோது அவை உடல்நலத் தளங்களுள் நூற்றுக்கு 1.4 பங்கையே தடுத்தன. ஆபாசத் தளங்களுள் 87 பங்கைத் தடுத்தன. மிக இறுக்கமாக அமைத்தபோது உடல்நலத் தளங்களுள் 24 பங்கு மறைந்தது. ஆபாசத்தில் தடுக்கப்பட்டதோ 91 பங்கு. அஃதாவது, நூற்றுக்கு நான்கு ஆபாசத் தளங்களைக் கூடுதலாகத் தடுப்பதற்காக, உடல்நலச் செய்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பலியிடப்பட்டது. இஃது எல்லார்க்கும் பொதுவான கணக்கு. தற்பாலீர்ப்பு, ஆணுறை போன்ற சொற்களைக் கொண்டு தேடியவர்க்கோ, தளர்ந்த அமைப்பிலேயே பத்தில் ஒரு பங்கு உடல்நலத் தளங்கள் மறைந்தன. ஒரே கருவி, ஒரே அமைப்பு. ஆயினும் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து இழப்பு ஏழு மடங்காயிற்று.

வடிகட்டியை வேண்டியோர் எல்லாரும் பகைமையால் வேண்டினர் என்று எண்ணிவிடலாகாது. மினியாபொலிஸ் நகர நூல்நிலையத்தில் பணிபுரிந்த நூலகர் பன்னிருவர், வருவோர் திறந்துவைத்த ஆபாசப் படங்களுக்கிடையே நாள்தோறும் பணியாற்ற வேண்டியுள்ளது என்று முறையிட்டனர். கூட்டாட்சி வேலை வாய்ப்புச் சமத்துவ ஆணையம் அவர்கள் பக்கம் நியாயம் கண்டது. 2003-இல் 4,35,000 டாலர் இழப்பீட்டுடன் அது முடிந்தது. அவர்களது துன்பம் மெய். ஆனால் அத்துன்பத்தைத் தந்தவன் நடுக்கூடத்தில் அமர்ந்து ஆபாசம் பார்த்த ஆள். மூலைக் கணிப்பொறியில் தன்னைப்பற்றிப் படிக்க வந்த பிள்ளை அன்று. இருவரையும் ஒரே வேலியால் அடைத்ததே தவறு.

2003 ஜூன் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறு பேர்க்கு மூவர் என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது. தலைமை நீதிபதி ரேங்க்விஸ்ட் எழுதிய கருத்துடன் மூவர் இணைந்தனர். கென்னடி, பிரேயர் ஆகிய இருவரும் தனித்தனியே எழுதி முடிவை மட்டும் ஏற்றனர். ஸ்டீவன்ஸ், சூட்டர், கின்ஸ்பர்க் ஆகிய மூவர் மறுத்தனர். பெரும்பான்மையோர் சாய்ந்து நின்ற தூண் ஒன்றே: தவறாகத் தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறந்துவிடுமாறு நூலகரைக் கேட்கலாம். காரணம் கூறவும் தேவையில்லை என்று அரசு வழக்கறிஞர் மன்றத்தில் உறுதி கூறினார். கேட்பதற்குக் கூச்சப்படுவோர் இருப்பாரே எனில், கூச்சத்திற்கு இடமின்றி நூல்நிலையத்தில் செய்தி பெறும் உரிமையை அரசியல் சட்டம் எவர்க்கும் அளிக்கவில்லை என்று ரேங்க்விஸ்ட் விடை கூறினார்.

முதியோரை மனத்திற்கொண்டு எழுதிய விடை அது. நாற்பது வயதுடைய ஒருவர் நூலகரிடம் சென்று, இப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதில் கூச்சம் உண்டு. அதனால் அவர் வீடு இழக்கமாட்டார். சிற்றூர் நூல்நிலையத்தில் நூலகர், அம்மாவுடன் தேவாலயத்தில் அமர்பவராக இருக்கலாம். வகுப்புத் தோழனின் அத்தையாக இருக்கலாம். அவரிடம் சென்று அப்பக்கத்தின் பெயரைக் கூறும் பிள்ளை கேட்பது ஒரு பக்கத்தையன்று. தன்னைப்பற்றி எவரிடமும் கூறாத ஒன்றை முதன்முதலாக வெளியிடுகிறது. கேட்டுப்பெறலாம் என்னும் வழி, கேட்க இயலாமையாலேயே நூல்நிலையம் வந்தவர்க்கு வழியாகாது. அன்றியும், கட்டணக் கழிவு பற்றிய பகுதியில் வடிகட்டியை முற்றிலும் அகற்றிவைக்கும் சலுகையைச் சட்டம் வயதுவந்தோர்க்கே அளித்தது. ஒரிகன் பெண்ணைப் போன்றோர்க்கு அத்தீர்ப்பில் ஏறக்குறைய இடமே இல்லை.

அத்தீர்ப்பிற்குப் பின்னர் வழக்கு, பள்ளிகளின் பக்கம் திரும்பியது. அச்சட்டமே பள்ளிகளுக்கும் உரியது. 2009-இல் டென்னசி மாநிலத்துப் பள்ளி மாவட்டங்கள் பல பயன்படுத்திய வடிகட்டியில், பால்புதுமையினர் என்னும் பிரிவு முழுவதும் அடைக்கப்பட்டிருந்தது. நாக்ஸ்வில், நாஷ்வில் மாவட்டங்களின் மேல் வழக்கு வந்தது. பள்ளி நூலகர் ஒருவரும் மாணாக்கரோடு சேர்ந்து வழக்காளராய் நின்றார். அந்நூலகர்க்கு நம் பாராட்டு உரியது. சில வாரங்களில் அப்பிரிவு திறக்கப்பட்டது.

மிசௌரி மாநிலத்துக் கேம்டன்டன் பள்ளி மாவட்டம் எளிதில் இசையவில்லை. அங்கே பயன்பட்ட வடிகட்டியில் பாலியல் என்றொரு பிரிவும், சமயம் என்றொரு பிரிவும் இருந்தன. தற்பாலீர்ப்புடைய பிள்ளைகளின் பெற்றோர் நடத்தும் ‘பிஃப்ளாக்’ என்னும் சங்கத்தின் தளம் பாலியல் பிரிவில் அடுக்கப்பட்டு அடைபட்டது. 1998 அக்டோபரில், தற்பாலீர்ப்பினன் என்பதற்காக வயோமிங் மாநிலத்தில் அடித்துக் கொல்லப்பட்ட மாணவன் மாத்யூ ஷெப்பர்டின் பெயரால் அவன் பெற்றோர் நிறுவிய அறக்கட்டளையின் தளமும் அவ்வாறே அடைபட்டது. கத்தோலிக்கருள் தற்பாலீர்ப்பினர் நடத்தும் சங்கத் தளத்திற்கும் அதே கதி நேர்ந்தது. ஆனால் தற்பாலீர்ப்பு பாவம், நோய், மாற்றிக்கொள்ள வேண்டிய குறை என்று எழுதும் தளங்கள் சமயப் பிரிவில் அடுக்கப்பட்டிருந்தமையின் தங்குதடையின்றித் திறந்தன. நன்னூலார் கூறிய நெய்யரி இதுவே. மாணாக்கன் கையில் மிஞ்சியது கசடு.

வேண்டிய பக்கத்தைத் திறந்துவிடுமாறு கேட்கலாமே என்று இம்மாவட்டத்தாரும் கூறினர். 2012 பிப்ரவரி 15-ஆம் நாள் நீதிபதி நேனட் லாஃப்ரி அம்மையார் அளித்த இடைக்கால ஆணை இவ்வாதத்திற்கு முகங்கொடுத்தது. கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இடர்ப்பாடே ஒரு மாணாக்கனைப் பின்வாங்கச் செய்யும் என்றார். அதனினும் மேலாக, தன்னை ஆதரிக்கும் கருத்து மட்டும் தரங்குறைந்தது என்று தன் பள்ளியாலும் ஊராலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது என்னும் இழிவுணர்ச்சி அவனைத் தடுக்கும் என்றும் கூறினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றம் கூச்சம் என்ற ஒரு சொல்லால் கடந்து சென்ற இடத்தில், கீழ்மன்ற நீதிபதி ஒருவர் நின்று பார்த்தார். மார்ச்சு மாதம் மாவட்டம் உடன்பாட்டிற்கு வந்தது. வடிகட்டியை மாற்றவும், 18 மாதங்கள் கண்காணிப்பிற்கு உட்படவும், வழக்குச் செலவாக 1,25,000 டாலர் தரவும் இசைந்தது.

ஒரே தலைப்பில் ஒரு பக்கத்தாரின் கருத்தை மட்டும் அடைப்பது தவறு என்பதே கேம்டன்டன் ஆணையின் சாரம். இரு பக்கத்தையும் சேர்த்து அடைத்திருந்தால் என் செய்வது என்னும் வினா அங்கே எழவில்லை. அவ்வாணை எல்லா மன்றங்களையும் கட்டுப்படுத்துவதும் அன்று. பொது நூல்நிலையங்களைப் பொறுத்தவரை 2003 தீர்ப்பே இன்றும் சட்டம். கைப்பேசி வந்தபின் இச்சிக்கல் தீர்ந்தது என்பாரும் உண்டு. கைப்பேசிக் கட்டணத்தைச் செலுத்துபவரும், அதனை இரவில் வாங்கிப் பார்ப்பவரும் பெற்றோரே என்பதை ஆசிரியர்கள் அறிவர். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு அதுவும் இல்லை. பகற்பொழுதில் அமர இடமும் இலவச இணையமும் தருவது பொது நூல்நிலையமே.

கூட்டாட்சி உதவி பெறும் அமெரிக்கப் பொது நூல்நிலையம் ஒவ்வொன்றும் வடிகட்டி பொருத்தியுள்ளோம் என்று சான்றுரைத்தல் வேண்டும். பொருத்திய கருவி சட்டம் குறித்த படங்களைத் தடுக்கின்றது என்பதற்கே அச்சான்று. அக்கருவி வேறு எவற்றையெல்லாம் மறைத்தது என்று அதில் எவரும் கேட்பதில்லை.